ஒன்பதாம் எண்ணின் அண்ணன்

விளையாட்டு வீரர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. அவர்களுடைய சொந்தக்காரர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, அவர்களே ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஓர் இனம் உண்டு. பந்தைத் தொடாமல், மைதானத்தை மிதிக்காமல், கடல் தாண்டி எங்கோ நடக்கிற ஆட்டத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்துகிற இனம். இதற்குத் தூரத்துக் கோச் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஜெயித்தால் "நாம ஜெயிச்சிட்டோம்" என்பார். தோற்றால் "அவங்க தோத்துட்டாங்க" என்பார். நீங்கள் தலைவலி என்று சொன்னால், தலைவலியோடு ஆடிப் பதினான்கு புள்ளி எடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்லுவார். மழை வரும்போல இருக்கிறது என்றால், அங்கே இப்போது பனி என்பார். பேச்சை எந்தப் பக்கம் திருப்பினாலும் கடைசியில் அது கூடைக்குள்தான் போய் விழும்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி ஒருவரை இங்கே காட்டுகிறேன். அவர் ஒரு பல் டாக்டர். அவருடைய தங்கை வெளிநாட்டில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடுகிறவள்.

மற்ற தூரத்துக் கோச்சுகளுக்கு இல்லாத ஒரு பாக்கியம் பல் டாக்டருக்கு உண்டு. மற்றவர்கள் பேச்சை ஆரம்பித்தால் கேட்பவர் பஸ் வந்துவிட்டது என்று ஓடிவிடலாம். பல் டாக்டரிடம் ஓட முடியாது. கேட்பவர் மல்லாந்து படுத்திருக்கிறார், கண்ணில் விளக்கு கூசாமலிருக்கக் கருப்புக் கண்ணாடி, கழுத்தில் துண்டு, கன்னத்தில் இரண்டு உருண்டை பஞ்சு, உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாய். இப்படி ஒரு சபை எந்தப் பேச்சாளருக்குக் கிடைக்கும்?

"போன சீசன்ல என் தங்கச்சி சராசரியா முப்பத்தொண்ணு புள்ளி நாலு நிமிஷம் ஆடினா சார். ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம்னு நெனைக்கிறீங்க?"

"ஆ..."

"நாப்பது. கரெக்டா சொல்லிட்டீங்க. வலிக்குதா?"

அந்த "வலிக்குதா" அவருடைய தொழில். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்பார். ஊசி போடும்போது, பல்லைத் தட்டும்போது, பல்லைப் பிடுங்கிய பிறகு, வாசலில் செருப்பு மாட்டும்போதுகூட ஒரு தடவை. நல்ல டாக்டர், அதில் சந்தேகம் வேண்டாம். வலி தாங்காதவர்கள் தேடி வருகிற இடம் அவருடைய கிளினிக். அங்கே வலி இருக்காது. ரீபவுண்ட் இருக்கும்.

ரீபவுண்ட் என்றால் கூடையில் விழாமல் திரும்புகிற பந்தைப் பிடிப்பது. அந்தக் கிளினிக்கில் ரூட் கெனால் செய்துகொண்ட அனைவருக்கும் இது தெரியும்.

டாக்டர் தங்கையின் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. இது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். பள்ளிக்கூட நாட்களில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. இப்போது அவர் பார்ப்பது எண்களை மட்டும். தங்கையின் கிளப்புக்கு ஓர் இணையப் பக்கம் உண்டு. அதில் ஆட்டம் நடக்க நடக்கவே யார் எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்ட், எத்தனை ஃபவுல் என்று ஓர் அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும். வீடியோவும் உண்டு. மனைவி ஒரு நாள் கேட்டாள்.

"அதான் படமும் வருதே, அதைப் பாக்கலாம்ல?"

"படம் பாத்தா உணர்ச்சிவசப்பட்டுடுவோம். நம்பர்தான் நிஜம். நம்பர் பொய் சொல்லாது."

அந்தப் பக்கத்தில் இருந்த எழுத்து டாக்டருக்குத் தெரியாத எழுத்து. கொக்கியும் வளையமுமாக, பூச்சி அரித்த பல் வரிசை மாதிரி இருக்கும். பெயர்களை வாசிக்க முடியாது. அதனால் என்ன, எண்ணுக்கு ஏது மொழி? தங்கையின் ஜெர்சி எண் ஒன்பது. ஒன்பது என்ற வரிசையில் விரலை வைத்து இடமிருந்து வலமாகப் போனால் தங்கை முழுசாகக் கிடைத்துவிடுவாள்.

ஆட்டங்கள் பெரும்பாலும் இங்கே மாலை ஐந்து மணிக்கு வரும். கிளினிக் நிறைந்திருக்கிற நேரம். கைப்பேசியைக் கருவித் தட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்துவிடுவார். கையுறை போட்ட கையால் அதைத் தொடக் கூடாது என்பதால், பக்கத்தைப் புதுப்பிக்கிற வேலை நர்ஸம்மாவுக்கு. பன்னிரண்டு வருடமாக அவரிடம் வேலை பார்க்கிற அம்மா. பஞ்சு எடுத்துக் கொடுக்கிற கையாலேயே கைப்பேசியையும் தட்டி, ஒவ்வொரு தடவையும் கையுறை மாற்றுகிறவர். "டாக்டர், உங்க தங்கச்சி ஒரு கூடை போட்டா எனக்கு ஒரு ஜோடி கிளவுஸ் போகுது" என்று அவர் சொன்னதை டாக்டர் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்ததும் குரல் செய்தி. அதற்கு ஒரு முறை உண்டு. நலமா என்ற கேள்வி கிடையாது, நேரம் வீண். "பாரும்மா, ஃப்ரீ த்ரோல ஆறுக்கு மூணு. ஏன்? முழங்கால் மூட்டை மடக்கறதில்ல. மூட்டை மடக்கு. அடுத்தது, மூணாவது பகுதில ஆறு நிமிஷம் உன்னை உக்கார வச்சிருக்காங்க. ஏன்? கோச்கிட்ட நீயா போய்க் கேக்கணும்..." இப்படிப் பதினொரு நிமிடம். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. ஏழு வருடம், நான்கு நாடு, நான்கு கிளப், ஒரு செய்தி தவறியதில்லை.

இந்த ஏழு வருடத்தில் தங்கையைப் பற்றி அவருக்குத் தெரிந்த எண்கள் எத்தனை என்று கணக்கெடுத்தால் ஒரு நோட்டு நிறையும். தெரியாதவையும் சில உண்டு. கிளப் கொடுக்கிற வீடுகளில் கட்டில் எப்போதும் அவளைவிட ஓர் அடி குட்டை என்பதும், ஆட்டச் சாமான் பெட்டியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு அதன்மேல் காலை நீட்டித் தூங்குவாள் என்பதும் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு கிளப்பிலும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இரண்டே இடம்தான், அந்த இரண்டில் ஒருத்தி நொண்டினால் நான்காம் நாள் வேறு ஒருத்தி விமானத்தில் வந்து இறங்கிவிடுவாள் என்பதும் தெரியாது. அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

இப்போது உங்களிடம் ஒரு விஷயம் சொல்லப்போகிறேன். டாக்டர் காதில் போட்டுவிடாதீர்கள்.

சீசனின் நடுவில் ஒரு நாள் தங்கை உயரத் தாவிக் கீழே இறங்கியபோது இடது மூட்டு அவளுக்கு முன்னாலேயே வேறு திசையில் போய்விட்டது. அட்டவணையில் அன்று அவளுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று இருந்தது. "ஏன் பன்னெண்டே நிமிஷம்? கோச்சோட சண்டையா?" என்று செய்தி போயிற்று. கிளப் மருத்துவர் சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்து, பெரியது ஒன்று பாக்கி இருக்கிறது என்றார். கிளப் கைகுலுக்கி, பூங்கொத்து கொடுத்து, அவளைக் கழற்றிவிட்டது. நான்காம் நாள் வேறு ஒருத்தி வந்து இறங்கினாள். புதிதாக ஜெர்சி அடிக்க நேரமில்லை. ஒன்பதாம் எண் ஜெர்சி ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. முதுகில் பெயரை மட்டும் மாற்றி அவளுக்கு மாட்டிவிட்டார்கள்.

அன்று மாலை ஒன்பதாம் எண் இருபத்திரண்டு புள்ளிகள் எடுத்தது.

தங்கை, கழற்றிவிட்ட கிளப்பின் வீட்டில், மூட்டை இரண்டு தலையணைமேல் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணா, ஒரு விஷயம் சொல்லணும், என் மூட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பாத்துட்டேன். இருபத்திரெண்டு." அண்ணனின் குரல் கொஞ்சம் கரகரத்தது. "நல்லா ஆடினம்மா. ரொம்ப நல்லா ஆடின. மூட்டை மடக்கச் சொன்னேன்ல? மடக்கின. அவ்வளவுதான் விஷயம்."

ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவர் நல்லா ஆடின என்று சொல்கிறார். அதற்காக அவள் எத்தனை கூடை போட்டிருப்பாள். ஒரு வழியாக வந்து சேர்ந்தது, விலாசம் மட்டும் தப்பு. திருப்பி அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

"சரிண்ணா" என்று வைத்துவிட்டாள்.

அதன் பிறகு மூன்று மாதம் டாக்டருக்குப் பொற்காலம். புதிதாக வந்தவள் குள்ளம், வேகம், முன்கோபக்காரி. தங்கையோ நெட்டை, நிதானம். அட்டவணையில் ரீபவுண்ட் பாதியாகக் குறைந்தது, பாஸ் இரண்டு மடங்கானது, ஃபவுல் எகிறியது. வேறு யாராக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். தூரத்துக் கோச் சந்தேகப்பட மாட்டார். அவருக்கு உடனே ஒரு விளக்கம் கிடைத்துவிடும், அந்த விளக்கத்துக்குள் அவரே உட்கார்ந்திருப்பார்.

"ஆட்டத்தையே மாத்திக்கிட்டா சார். முப்பது வயசுல ஒருத்தி ஆட்டத்தை மாத்தறது சாதாரணமா? யார் சொல்லி மாத்தினா? வாயை இன்னும் கொஞ்சம் பெரிசா திறங்க. நான் சொல்லி."

ஒரு நாள் ஒன்பதாம் எண் ஐந்து ஃபவுல் செய்து வெளியேற்றப்பட்டபோது மட்டும் தங்கைக்கு நேரடியாகவே போன் போட்டார்.

"எங்கேர்ந்து வந்துது உனக்கு இந்தக் கோபம்? நம்ம குடும்பத்துல யாருக்கும் கிடையாதே."

"எனக்கும் தெரியலைண்ணா."

"நடுவரைப் பாத்து ஏதாவது சொன்னியா?"

"சொன்ன மாதிரிதான் இருந்துது." அவள் அந்த ஆட்டத்தைப் பார்வையாளர் வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்து பார்த்திருந்தாள். "அண்ணா, நான் கேக்க வந்தது வேற. எனக்கு ஒரு முடிவு எடுக்கணும், திங்கக்கிழமைக்குள்ள..."

"ஒப்பந்தம்தானே? பெரிய கிளப் கேக்கறானா? அவசரப்படாத. சனிக்கிழமை கடைசி ஆட்டத்தை முடி. பதினஞ்சாவது எடு. அப்புறம் நான் சொல்றேன்."

முடிவு ஒப்பந்தம் பற்றியதல்ல என்று உங்களுக்குத் தெரியும். பெரிய ஆபரேஷனுக்கு மருத்துவர் ஒரு தேதியை ஒதுக்கி வைத்திருந்தார். செய்துகொண்டால் ஒரு வருடம் கழித்து ஆடலாம், ஆட முடியாமலும் போகலாம். வேண்டாம் என்றால் ஆட்டம் இத்தோடு சரி. பதினாலு வருடம் பந்தைத் தவிர எதையும் பிடிக்காத கை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதை யாரிடமாவது வாய்விட்டுப் பேச வேண்டும் என்று நினைத்தாள். பேச நினைத்த ஆள் அண்ணன். அண்ணனோ ஒன்பதாம் எண்ணோடு பேசிக்கொண்டிருந்தார்.

போனை வைத்துவிட்டு அவள் அண்ணியைக் கூப்பிட்டாள். டாக்டரின் மனைவி கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "நீ கிளம்பி வா" என்றாள். "அவர்கிட்ட நின்னு பேசினா ஆகாது. படுத்துத்தான் பேசணும்."

"படுத்தா?"

"வா, சொல்றேன்."

சனிக்கிழமை மாலை ஐந்தரை. கிளினிக்கில் கூட்டம் குறைந்திருந்தது. கடைசி ஆட்டம் இரண்டாம் பகுதியில் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் உள்ளறையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா ஒரு நோயாளியை நாற்காலியில் படுக்க வைத்தார். கருப்புக் கண்ணாடியைப் போட்டார், தலைக்குல்லாயைப் புருவம்வரை இறக்கினார், துண்டு கட்டினார். ஊன்றுகோலைத் திரைக்குப் பின்னால் சாய்த்தார்.

"யாரு நர்ஸம்மா?"

"வீட்டம்மா அனுப்பினாங்க டாக்டர். முன்பல்லு. பழைய அடைப்பு ஆடுதாம்."

டாக்டர் அட்டவணையைப் பார்த்தபடியே வந்தார். பதினொன்று. இன்னும் நான்கு வேண்டும். தன் முக்காலியில் உட்கார்ந்தார். நோயாளியின் கால் நாற்காலியைத் தாண்டி ஓர் அடி தொங்கிக்கொண்டிருந்தது. அது அவர் கண்ணில் படத்தான் செய்தது.

"நல்ல உயரம்மா நீங்க. என் தங்கச்சியும் இப்படித்தான். சின்ன வயசுல ஒட்டடைக்குச்சின்னு கூப்பிடுவோம். இதோ, இந்த ஒன்பதாம் நம்பர் இருக்கு பாருங்க, அவதான். இந்த நிமிஷம் அங்க ஓடிக்கிட்டிருக்கா. வெளிநாட்டுல. வாயைத் திறங்க."

நோயாளி வாயைத் திறக்கவில்லை.

"பயப்படாதீங்க. வலிக்காது. அவ மாதிரி தைரியமா இருக்கணும். பதினாறு வயசுல ஒரு முழங்கை வந்து முன்பல்லுல இடிச்சுது. பல்லு முனை உடைஞ்சு ரத்தம். ஒரு சொட்டுக் கண்ணீர்? கிடையாது. துப்பிட்டு மறுபடி ஆடினா. ராத்திரி நான்தான் அடைச்சு விட்டேன். அப்ப நான் படிச்சுக்கிட்டிருந்தேன். மனுஷ வாயில நான் வச்ச முதல் கை அதான். நர்ஸம்மா, புதுப்பிங்க."

"பதிமூணு டாக்டர்."

"பாத்தீங்களா? திறங்க."

வாய் திறந்தது. டாக்டர் விளக்கை இழுத்து, சின்னக் கண்ணாடியை உதட்டுக்கு அடியில் நுழைத்தார்.

ஒரு டாக்டருக்கு முகங்கள் மறந்துபோகலாம். ஆனால் தான் செய்த தப்பு மறக்காது. மேல் வரிசையில், இடது முன்பல்லின் முனையில், பிறைபோல ஓர் அடைப்பு. பக்கத்துப் பல்லைவிட அரைக்கால் வாசி மஞ்சள். அன்று நிறம் பார்த்து எடுக்கத் தெரியாமல் கையில் கிடைத்ததை வைத்து அடைத்தது. மாற்றி வைக்கிறேன், மாற்றி வைக்கிறேன் என்று பதினாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மஞ்சள் உலகத்தில் ஒரே ஒரு வாயில்தான் இருக்கிறது.

டாக்டரின் கை அப்படியே நின்றது. கண்ணாடி அவள் உதட்டிலேயே நின்றது.

"பதினஞ்சு" என்றார் நர்ஸம்மா, மெதுவாக.

அங்கே ஒன்பதாம் எண் ஒரு கூடை போட்டிருந்தது. இங்கே ஒன்பதாம் எண் வாயைத் திறந்து படுத்திருந்தது. கோச் என்று இருப்பவர் என்ன செய்வார்? எந்தப் பக்கம் பார்ப்பார்? எந்த அட்டவணையிலும் இதற்கு வழி இல்லை. அந்த அறையில் முதல் தடவையாக டாக்டரின் வாய் திறந்திருந்தது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

தங்கை கையால் கண்ணாடியை விலக்கினாள். கருப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பதினஞ்சு வந்துடுச்சுண்ணா. இப்ப கேக்கறியா?"

"அப்ப... அது யாரு?"

"அவ பேரு எனக்கே சரியா வாயில நுழையாது. நல்ல பொண்ணு. நீ அனுப்பினதையெல்லாம் மொழிபெயர்த்து அவளுக்குச் சொல்லிடுவேன். உங்க அண்ணன் ரொம்பப் பேசறாருன்னு சொன்னா. ஆனா மூட்டை மடக்கிப் போட ஆரம்பிச்சா."

"எத்தனை நாளா?"

"மூணு மாசம். நீ இருபத்திரெண்டு புள்ளிக்கு அழுதியே, அன்னைலேர்ந்து."

"நான் அழலை."

"சரி, அழலை."

அவள் சொன்னாள். மூட்டைப் பற்றி, மருத்துவரைப் பற்றி, திங்கட்கிழமையைப் பற்றி. ஏழு நிமிடம் ஆகியிருக்கும். டாக்டர் குறுக்கே பேசவில்லை. பேச வாயெடுத்த இரண்டு தடவையும் நர்ஸம்மா பஞ்சு டப்பாவைக் கையில் எடுத்தார்.

"இப்ப சொல்லு. பண்ணிக்கட்டுமா, விட்டுடட்டுமா?"

டாக்டர் சின்னக் கண்ணாடியைத் தட்டில் வைத்தார். அவர் அவளுடைய இடது காலைப் பார்த்தார். மெல்லிய துணிக்கு அடியில் பட்டை கட்டிய மூட்டு தெரிந்தது. பழக்கதோஷம்தான், வேறொன்றுமில்லை, வாயில் வந்தது அவருடைய தொழில் வார்த்தை.

"வலிக்குதா?"

ஏழு வருடத்தில் பதிலை அவரே சொல்லாத முதல் கேள்வி அது.

"சும்மா இருந்தா இல்லை. படி ஏறும்போதுதான்" என்றாள். "உன் கிளினிக்குக்கு இருபத்திரெண்டு படிண்ணா."

பன்னிரண்டு வருடமாக ஏறுகிற படிகள். அவர் எண்ணியதே இல்லை.

திங்கட்கிழமை அவள் மருத்துவருக்குப் பதில் எழுதினாள். ஆபரேஷன் வேண்டும், ஆனால் ஆடுவதற்காக இல்லை, படி ஏறுவதற்காக என்று. அதை எழுதும்போது அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே எவ்வளவு கஷ்டப்பட்டாரோ, அது அவருக்குத்தான் தெரியும்.

ஆகையால் டாக்டர் திருந்திவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்த இனம் திருந்தாது, எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளும். அவள் திரும்பிப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு மாதம் ஆகிறது. கிளினிக் சுவரில் இப்போது ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது. தேதி ஒரு பக்கம், மூட்டு எத்தனை டிகிரி மடங்கியது என்பது ஒரு பக்கம். "நேத்து அறுபத்தெட்டு சார். இன்னைக்கு எழுபதைத் தாண்டணும். அவ விடமாட்டா. யார் சொல்லித் தர்றது? வாயைத் திறங்க." தினமும் மாலை தங்கைக்கு போன் போகிறது. முதல் கேள்வி "வலிக்குதா", இரண்டாவது கேள்வி "எத்தனை டிகிரி". இரண்டுக்கும் நடுவே அவள் பதில் சொல்ல அரை நிமிடம் விடுகிறார். அது முன்னேற்றம்தான். புதிய சீசனும் தொடங்கிவிட்டது, தங்கை வழியாக ஒன்பதாம் எண்ணுக்கும் செய்தி போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பெண் இப்போது தன் எழுத்திலேயே பதில் போடுகிறாளாம். டாக்டருக்கு வாசிக்கத் தெரியாது. பாராட்டாகத்தான் இருக்கும் என்கிறார்.

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறீர்கள். எனக்குத் தங்கையும் இல்லை, பந்தும் இல்லை என்கிறீர்கள். இருக்கட்டும். வேறு ஊரில் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும், வேலைக்குப் போன தம்பி ஒருவன் இருப்பான், கல்யாணமாகிப் போன பெண் ஒருத்தி இருப்பாள். கடைசியாகப் பேசியபோது முதலில் என்ன கேட்டீர்கள்? மார்க்கா, ரேங்க்கா, பதவி உயர்வா, எடை எத்தனை கூடியது என்றா? "ஒரு விஷயம் சொல்லணும்" என்று அந்தப் பக்கம் ஆரம்பித்ததும், அதானே நானும் சொல்ல வந்தேன் என்று நீங்கள் பிடித்துக்கொள்ளவில்லையே?

பதில் சொல்ல அவசரமில்லை. அப்படியே சாய்ந்து படுங்கள். வாயைக் கொஞ்சம் திறங்கள்.

வலிக்கிறதா?